கந்தெலாரியா திருநாளின் தமால்

தமால் என்பது மெக்சிகோவின் மக்காச்சோளப் பலகாரம். சுண்ணாம்பு நீரில் வெந்த சோளத்தை அரைத்து, கொழுப்போடு அடித்து, நடுவில் கறியோ மிளகாய்ச் சாறோ வைத்து, சோளக் கதிரின் உறையிலோ வாழை இலையிலோ பொதிந்து ஆவியில் வேகவைப்பது. ஆண்டு முழுவதும் தெருமுனைகளில் விற்கும் இந்த எளிய உணவு, பிப்ரவரி 2ஆம் நாள் ஒரு கடனாக மாறிவிடும். அன்று ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. மெழுகுதிரி மந்திரிக்கும் நாள் என்பதால் ஸ்பானிய மொழியில் அதற்குக் கந்தெலாரியா என்று பெயர். ஜனவரி 6ஆம் நாள் மூன்று ராஜாக்கள் திருநாளில் ரொட்டி வெட்டியபோது யாருடைய துண்டில் குழந்தைப் பொம்மை வந்ததோ, அவர் கந்தெலாரியா அன்று வந்திருக்கும் எல்லோருக்கும் தமால் போட்டாக வேண்டும். பணக்காரர், ஏழை, வீடு, அலுவலகம் என்ற வேறுபாடு இதில் இல்லை.

பெயர்

ஆஸ்தெக்கர் உள்ளிட்ட நாவா மக்களின் மொழியான நாவாத்லின் ‘தமல்லி’ என்ற சொல்லே ஸ்பானியத்தில் ‘தமால்’ ஆயிற்று. பன்மையில் ‘தமாலெஸ்’. ஆங்கிலம் பேசுவோர் பன்மையைக் கேட்டுவிட்டு அதிலிருந்து ‘தமாலே’ என்று ஓர் ஒருமையைத் தாங்களே பிரித்தெடுத்துக் கொண்டார்கள். தமிழில் எழுதும்போது அந்தச் சுற்றுவழி வேண்டியதில்லை. மெக்சிகோக்காரர்கள் சொல்கிறபடி ‘தமால்’ என்றே எழுதலாம். கூடி உட்கார்ந்து தமால் கட்டும் வேலைக்குத் ‘தமாலாதா’ என்று பெயர். தமால் விற்பவர் ஆணானால் ‘தமாலேரோ’, பெண்ணானால் ‘தமாலேரா’.

ஜனவரி ரொட்டி, பிப்ரவரிக் கடன்

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மெக்சிகோவில் வெட்டும் ரொட்டிக்கு ‘ரோஸ்கா தே ரேயெஸ்’ என்று பெயர், அதாவது ராஜாக்களின் வளையம். முட்டையும் வெண்ணெயும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்த இனிப்பு ரொட்டி அது. நீள்வட்டமாகச் சுட்டு, மேலே பழப்பாகுத் துண்டுகளையும் சர்க்கரைப் பட்டைகளையும் பதித்திருப்பார்கள். முன்பு பிஸ்நாகா என்ற கள்ளியின் சதையைப் பாகில் ஊறவைத்து ‘அசித்ரோன்’ என்ற பெயரில் மேலே வைப்பது வழக்கம். அந்தக் கள்ளி அழியும் நிலைக்கு வந்து, சட்டம் அதைப் பாதுகாக்கத் தொடங்கியபின், கொய்யா அல்லது சீமை மாதுளைப் பாகுக்கட்டி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வழக்கம் ஸ்பெயினிலிருந்து வந்தது. ஆதியில் உள்ளே ஒளித்தது ஓர் அவரை விதை. பிறகு பீங்கான் பொம்மை. இப்போது விரல்நுனி அளவு பிளாஸ்டிக் குழந்தை. ஏரோது அரசனின் வாளுக்குத் தப்ப ஒளித்துவைக்கப்பட்ட பாலன் இயேசு அது என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்.

கத்தியைக் கையில் வாங்கித் தன் துண்டைத் தானே வெட்டிக்கொள்ள வேண்டும் என்பது முறை. பொம்மை கிடைத்தால் அவர் பாலன் இயேசுவுக்கு ஞானத்தந்தை அல்லது ஞானத்தாய். இந்த உறவை மெக்சிகோவில் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவர் பிள்ளைக்கு மட்டும் உறவாவதில்லை; பிள்ளையின் பெற்றோருக்குக் ‘கொம்பாத்ரே’ ஆகிவிடுகிறார். இரண்டு குடும்பங்களும் நல்லது கெட்டது எல்லாவற்றிலும் ஒன்றுக்கொன்று நிற்கும். ரொட்டிக்குள் கிடைத்த பொம்மையும் அதே கயிற்றைத்தான் கட்டுகிறது. பாலனுக்குப் புதுச் சட்டை வாங்குவதும், திருப்பலிக்கு எடுத்துச் செல்வதும், வந்தவர்களுக்குத் தமால் பரிமாறுவதும் அவர் பொறுப்பு. செலவுக்குப் பயந்து பொம்மையை வாயில் அடக்கிக்கொள்பவர்கள் எந்தக் கூட்டத்திலும் உண்டு. இப்போது கடைக்காரர்கள் ஒரே ரொட்டியில் பல பொம்மைகளை வைத்துவிடுகிறார்கள். கடனை நாலைந்து பேர் பகிர்ந்துகொள்கிறார்கள்: ஒருவர் தமால், ஒருவர் அத்தோலே என்ற சோளக் கஞ்சி, ஒருவர் தட்டும் டம்ளரும். சுமை குறைந்தது நல்லதே. ஆனால் பழைய வழக்கத்தில் ஒரு வீடு முழுப் பொறுப்பையும் ஏற்று, அதற்காகத் தெருவையே துணைக்கு அழைத்தது. அந்த அழைப்பில்தான் இந்தத் திருநாளின் உயிர் இருக்கிறது.

நாற்பதாம் நாள்

மோசேயின் சட்டப்படி ஆண் குழந்தை பெற்ற தாய் நாற்பது நாள் கழித்துக் கோவிலுக்குப் போய்க் காணிக்கை செலுத்த வேண்டும். மரியாவும் யோசேப்பும் குழந்தையைக் கோவிலுக்குக் கொண்டுபோனதை லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. ஏழைகள் செலுத்தும் புறாக் காணிக்கையையே அவர்கள் செலுத்தினார்கள். முதியவர் சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்தி, பிற இனத்தாருக்கு ஒளி என்று வாழ்த்தினார். அந்த ஒளிதான் மெழுகுதிரியாக வந்து நிற்கிறது. டிசம்பர் 25இலிருந்து எண்ணினால் நாற்பதாம் நாள் பிப்ரவரி 2. நான்காம் நூற்றாண்டின் இறுதியிலேயே எருசலேமில் இந்த விழா நடந்ததை, அங்கே திருப்பயணம் போன எகேரியா என்ற பெண்மணி எழுதிவைத்திருக்கிறார். நெடுங்காலம் இது மரியாவின் தூய்மைச் சடங்கு விழா என்றே அழைக்கப்பட்டது. 1969இல் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது ஆண்டவருடைய விழாவாகப் பெயர் மாறியது. மெக்சிகோ மக்களுக்கு இரண்டும் ஒன்றே: தாயும் பிள்ளையும் கோவிலுக்கு வரும் நாள்.

எனவே அங்கே கிறிஸ்துமஸ் குடிலை ஜனவரியில் கலைப்பதில்லை. டிசம்பர் 24 இரவு பாலனின் சுரூபத்தைத் தாலாட்டிக் குடிலில் கிடத்துவார்கள். பிப்ரவரி 2 அன்று எடுத்து, உடை மாற்றி, சிறு நாற்காலியில் உட்காரவைப்பார்கள். ‘பாலனை எழுப்புதல்’ என்பது இதற்குப் பெயர். மெக்சிகோ நகரத்தின் லா மெர்செத் சந்தைப் பகுதியில் தலவேரா என்ற தெரு முழுக்க இதற்கான கடைகள். அங்குல அளவில் சட்டை, செருப்பு, கிரீடம், நாற்காலி எல்லாம் கிடைக்கும். விரல் உடைந்த, கண்ணிமை உதிர்ந்த சுரூபங்களைக் கொண்டுபோனால் அங்கேயே சரிசெய்து கொடுப்பார்கள். பாட்டி வைத்திருந்த சுரூபத்தை மடியில் வைத்துக்கொண்டு பேத்தி வரிசையில் காத்திருப்பாள். வெள்ளை அங்கி, அத்தோச்சா பாலன் என்ற வடிவத்தின் பயணி உடை, மருத்துவப் பாலன் என்ற வடிவத்தின் வெள்ளை மேலங்கி ஆகியவை வழக்கமானவை. கால்பந்து வீரரின் சட்டையும் விற்கிறார்கள். குருக்கள் அதைக் கண்டித்தாலும் விற்பனை நிற்கவில்லை.

கோவிலில் மந்திரித்த மெழுகுதிரியை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து இடி மின்னல் நேரத்திலும், நோயாளியின் தலைமாட்டிலும் ஏற்றுவார்கள். கிராமங்களில் விதைச் சோளத்தையும் கூடையில் கொண்டுவந்து மந்திரித்துக்கொள்கிறார்கள். அடுத்த மழைக்கு விதைக்க வேண்டிய விதை அது.

மழைத் தெய்வத்தின் மாதம்

திருச்சபை விழாவுக்கு ஏன் தமால்? விடையின் ஒரு பகுதி பிரான்சிஸ்கன் துறவி பெர்னார்தினோ தே சஹகூன் எழுதியவற்றில் இருக்கிறது. 1529இல் மெக்சிகோ வந்த அவர், நாவா மக்களின் முதியவர்களிடம் கேட்டு, அவர்கள் மொழியிலேயே அவர்களுடைய வாழ்க்கையைப் பதிவு செய்தார். ஆஸ்தெக் ஆண்டின் முதல் மாதம் அத்ல்கவாலோ என்றும், அது பிப்ரவரி 2ஆம் நாள், மரியாவின் தூய்மைச் சடங்கு விழா அன்று தொடங்கியது என்றும் அவர் கணக்கிட்டார். மழைத் தெய்வம் த்லாலோக்குக்கு உரிய மாதம் அது. மழை வேண்டி மலையுச்சிகளில் குழந்தைகளைப் பலியிட்டதையும் அவர் எழுதியிருக்கிறார். விதைப்புக்கு முன் மழைக்காக ஏங்கும் அதே பருவத்தில் புதிய சமயத்தின் விழாவும் வந்து அமர்ந்தது. பழைய சடங்கு அப்படியே வேடம் மாறி வந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். நாட்கள் பொருந்துவதை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உழவர் வீட்டில் பெரிய நாள் என்றால் சோளத்தில் சிறப்பாக ஒன்று செய்ய வேண்டும்; அந்தச் சிறப்பு அங்கே எப்போதும் தமாலாகவே இருந்திருக்கிறது.

குவாத்தமாலாவின் சான் பார்த்தொலோவில் 2001இல் கண்டெடுத்த மாயா சுவரோவியங்கள் சுமார் 2100 ஆண்டுப் பழமையானவை. அவற்றில் சோளத் தெய்வத்துக்கு எதிரே ஒரு பெண் தமால் கூடையை ஏந்தியிருக்கிறாள். சஹகூனின் நூலில் வான்கோழித் தமால், மீன் தமால், தவளைத் தமால், அவரைத் தமால், தேன் தமால் என்று சந்தையில் விற்றவற்றின் பட்டியல் நீளுகிறது. எட்டு ஆண்டுக்கு ஒருமுறை ‘அதமல்குவாலிஸ்த்லி’ என்று ஒரு நோன்பு நடந்தது. அப்போது உப்பும் மிளகாயும் இல்லாமல் வெறும் நீரில் பிசைந்த தமாலை மட்டும் உண்டார்கள். ஆண்டுக்கணக்காக வதைபட்ட சோளத்துக்கு ஓய்வு கொடுக்கவே அந்த நோன்பு என்று முதியவர்கள் அவரிடம் விளக்கியிருக்கிறார்கள். தானியத்துக்கும் களைப்பு உண்டு, அதற்கும் இளைப்பாறல் வேண்டும் என்று நினைத்த ஒரு மக்களின் உணவு இது.

சுண்ணாம்பு நீரில் சோளம்

தமாலின் மாவு ஆலையில் தொடங்குவதில்லை, சுண்ணாம்பில் தொடங்குகிறது. ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்குச் சுமார் 10 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு, இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர். கொதி வந்தும் வராமலும் இருக்கும் சூட்டில் வேகவைத்து, ஒரு மணியை எடுத்து விரல்களுக்கு இடையில் தேய்த்தால் தோல் கழன்று வரும் பக்குவத்தில் இறக்கி, இரவு முழுக்க அப்படியே விட்டுவிட வேண்டும். காலையில் மஞ்சளித்து வழவழப்பாகியிருக்கும் நீரை வடித்து, சோளத்தைக் கையால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள். இந்தச் சோளத்துக்கு ‘நிஷ்தமால்’ என்று பெயர். நாவாத்லில் சாம்பலைக் குறிக்கும் ‘நெஷ்த்லி’யும் ‘தமல்லி’யும் சேர்ந்த சொல். சுண்ணாம்புக்கு முன் சாம்பல் போட்டதைச் சொல்லே காட்டிவிடுகிறது.

இந்த ஒரு வேலையால் மூன்று நன்மைகள் கிடைக்கின்றன. கடினமான மேல்தோல் கரைகிறது. அரைத்த மாவு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. சுண்ணாம்பில் வேகாத சோள மாவைப் பிசைந்தால் உதிர்ந்துதான் போகும். மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது. சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற வைட்டமினை உடலால் எடுத்துக்கொள்ள முடியாது. சுண்ணாம்பு அதை விடுவிக்கிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் கொண்டுபோனார்கள், சமைக்கும் முறையைக் கொண்டுபோகவில்லை. சோளமே கதியென்று வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கும் பெல்லாக்ரா நோய் வந்தது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் 1735இல் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் அதை விவரித்தார். இத்தாலியிலும், பின்னர் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் அது பெருந்தொகையாக மக்களைக் கொன்றது. நயாசின் அதைத் தீர்க்கும் என்பது 1937இல்தான் தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத நாவா, மாயா பெண்கள் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பால் அந்த நோயை மூவாயிரம் ஆண்டுகளாக வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். மனித குலத்தின் பெரிய சமையல் கண்டுபிடிப்புகளில் ஒன்று இது என்று சொன்னால் மிகையில்லை.

அரைப்பது முன்பு ‘மெத்தாத்தே’ என்ற எரிமலைக்கல் அம்மியில். முழங்காலிட்டு, குழவியை முன்னும் பின்னும் தள்ளி, நாளின் பாதியைப் பெண்கள் அதிலேயே கழித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் தெருவுக்குத் தெரு நிஷ்தமால் ஆலைகள் வந்தபின் அந்தப் பாடு தீர்ந்தது. 1949இல் தொடங்கிய நிறுவனம் ஒன்று நிஷ்தமாலை உலர்த்திப் பொடியாக்கி விற்கத் தொடங்கியது. இப்போது நகரத்து வீடுகளில் பெரும்பாலும் அந்தப் பொடிதான். தோர்த்தியா என்ற அடைக்கு மாவை நைசாக அரைப்பார்கள்; தமாலுக்குக் கொஞ்சம் நொறுநொறுப்பாக இருக்க வேண்டும்.

மாவு அடிப்பது

ஆஸ்தெக் காலத்துத் தமாலில் கொழுப்பு கிடையாது. பன்றி ஸ்பானியருடன் வந்தது. அதன் உருக்கிய கொழுப்பு தமாலின் குணத்தையே மாற்றிவிட்டது. ஒரு கிலோ ஈர மாவுக்கு 300 முதல் 500 கிராம் வரை கொழுப்பு சேர்ப்பார்கள். வீட்டுக்கு வீடு அளவு மாறும். முதலில் கொழுப்பைத் தனியாக அகன்ற மண்சட்டியில் போட்டு அடிக்க வேண்டும். விரல்களை விரித்து, அடியிலிருந்து அள்ளி மேலே வீசி, மறுபடி அள்ளி வீச, கொழுப்பு மெல்ல மெல்ல வெளுத்து வெண்ணெய்போல் பொங்கும். அதற்குப் பிறகு மாவைப் பிடிபிடியாகப் போட்டு, கறி வெந்த சாற்றை வெதுவெதுப்பாக ஊற்றி, உப்புப் போட்டு, திரும்பவும் அடி. ஒருவர் கை ஓயும்போது அடுத்தவர் சட்டியை வாங்கிக்கொள்வார். உள்ளங்கை மாவில் மோதும் சத்தம் முதலில் கனமாகக் கேட்கும். காற்று ஏற ஏற அது மெலிந்து, காலி டப்பாவைத் தட்டுவதுபோல் ஆகும். அனுபவசாலிகள் காதை வைத்தே பதம் சொல்லிவிடுவார்கள். மற்றவர்களுக்கு ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர்: சுண்டைக்காய் அளவு மாவைக் கிள்ளிப் போட்டால் மிதக்க வேண்டும்; மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும்.

மாவு உப்ப இன்று பேக்கிங் பவுடர் போடுகிறார்கள். முன்பு தெஸ்கோகோ ஏரி வற்றிய கரைகளில் பூத்த ‘தெகெஸ்கித்தே’ என்ற உவர் உப்புக்கட்டியைப் பச்சைத் தக்காளியின் காகித உறைகளோடு கொதிக்கவைத்து, தெளிந்த நீரை மட்டும் சேர்ப்பார்கள். இந்தப் பச்சைத் தக்காளி நாம் அறிந்த தக்காளி அன்று. நம் வரப்புகளில் முளைக்கும் சொடக்குத் தக்காளியின் இனம். அதைப்போலவே பலூன் உறைக்குள் காய்க்கும், ஆனால் எலுமிச்சை அளவுக்குப் பெரியது, புளிப்பானது.

உறையும் உள்ளீடும்

கதிரை மூடியிருக்கும் காய்ந்த உறைகளை வெந்நீரில் ஊறவைத்து, நார் நீக்கி, துணியில் ஒற்றி வைத்துக்கொள்வார்கள். வழவழப்பான உட்பக்கம் மேலே இருக்கும்படி உள்ளங்கையில் விரித்து, கரண்டியின் முதுகால் ஒரு கரண்டி மாவைப் பரப்பி, நடுவில் உள்ளீட்டை வைத்து, இரு ஓரங்களையும் மடித்து, மெலிந்த முனையைப் பின்பக்கம் மடக்குவார்கள். ஒரு கிலோ மாவுக்கு இருபது, இருபத்தைந்து தமால் வரும். ஐம்பது பேருக்கு நூறு தமால் என்றால் ஒருவரால் ஆகிற காரியமா? ஒருவர் பரப்ப, ஒருவர் நிரப்ப, ஒருவர் மடிக்க, பிள்ளைகள் கட்டுவதற்கு உறையைக் கிழித்து நார் போட, முந்திய இரவு முழுக்க மேசையைச் சுற்றிக் கைகள் ஓடும். கடன்பட்டவர் ஒருவர், கடனை அடைப்பவர்கள் பத்துப் பேர்.

மெக்சிகோ நகரத்தில் நான்கு வகை நிச்சயம் இருக்கும். ‘வெர்தே’: பச்சைத் தக்காளி, பச்சை மிளகாய், பூண்டு, கொத்தமல்லி அரைத்த சாற்றில் கோழி. ‘ரோஹோ’: குவாஹியோ, ஆஞ்சோ என்ற வற்றல் மிளகாய்களை ஊறவைத்து அரைத்த செஞ்சாற்றில் பன்றிக்கறி. ‘ராஹாஸ்’: மிளகாய்க் கீற்றும் பாலாடைக்கட்டியும். ‘துல்சே’: சர்க்கரை சேர்த்து, ரோஜா நிறமேற்றி, உள்ளே உலர்திராட்சை வைத்தது; பிள்ளைகளுக்கு என்று முதலில் எடுத்து வைப்பது. விருந்தில் மிஞ்சிய மோலே குழம்பு இருந்தால் ஐந்தாவது வகையும் ஆயிற்று.

பானையைச் சுற்றி

வேகவைக்கும் உயரமான பாத்திரத்தின் அடியில் தட்டும், தட்டுக்குக் கீழே தண்ணீரும். பலர் தண்ணீரில் ஒரு நாணயத்தைப் போட்டுவைப்பார்கள். நீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை நாணயம் கிலுகிலுத்துக்கொண்டிருக்கும். சத்தம் நின்றால் நீர் வற்றிவிட்டது என்று பொருள். அப்போது ஊற்றுவதும் கொதிநீராகவே இருக்க வேண்டும், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கிப்போகும். தமால்களைப் படுக்கவைப்பதில்லை. திறந்த வாய் மேலே பார்க்க, ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தி, மேலே மிஞ்சிய உறைகளையும் ஒரு துணியையும் போட்டு மூடினால், ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் வெந்துவிடும். ஒன்றை எடுத்துப் பிரிக்கும்போது மாவு உறையில் ஒட்டாமல் கழன்றால் பதம்.

இந்த ஒன்றரை மணி நேரத்தில் அடுப்படியில் யாரும் கோபப்படக் கூடாது. சண்டை நடந்த வீட்டில் தமால் ஒரு பக்கம் வெந்தும் ஒரு பக்கம் வேகாமலும் திட்டுத்திட்டாக வரும் என்பது நாடெங்கும் உள்ள நம்பிக்கை. அப்படி வந்தால் ‘பின்தோ’, அதாவது புள்ளி விழுந்தது என்பார்கள். பானையின் கைப்பிடிகளில் சோள உறையைக் கிழித்துக் காதணிபோல் கட்டுவது, பானைக்கு முன் ஆடிப் பாடி அதைச் சமாதானப்படுத்துவது எனப் பரிகாரங்களும் உண்டு. இதெல்லாம் நேற்று முளைத்ததன்று. பானையில் ஒட்டிக்கொண்ட தமாலை ஆண் தின்றால் போரில் அவன் அம்பு குறி தவறும், பெண் தின்றால் பிள்ளை வயிற்றில் ஒட்டிக்கொண்டு பேறு கடினமாகும் என்று பதினாறாம் நூற்றாண்டு நம்பிக்கை ஒன்றையும் சஹகூன் குறித்திருக்கிறார். இருபது பேர் ஒரு சிறிய சமையலறையில் இரவெல்லாம் வேலை செய்யும்போது, கோபம் கூடாது என்ற விதி எவ்வளவு பயனுள்ளது என்பதை அப்படி ஓர் அடுப்படியில் நின்றவர்கள் அறிவார்கள்.

ஊருக்கு ஊர்

தெற்கே வஹாக்காவில் வாழை இலைதான். இலையை நெருப்பில் வாட்டி, மாவை மெல்லியதாகப் பரப்பி, கரிய மோலேயும் கோழியும் வைத்துச் சதுரமாக மடிப்பார்கள். ஆசியாவில் பிறந்த வாழை ஸ்பானியர் வழியாக அங்கே போய்ச் சேர்ந்து, ஐந்நூறு ஆண்டுக்குள் அந்த மண்ணின் சொந்தப் பொருளாகிவிட்டது. மிச்சோவகானில் ‘கொருந்தா’ என்பதை உலர்ந்த உறையில் கட்டுவதில்லை. செடியின் நீண்ட பச்சைத் தோகையைச் சுற்றிச் சுற்றி மடித்துப் பல முகமுள்ள முடிச்சாக்குகிறார்கள். அதே மாநிலத்தின் ‘உச்செப்போ’ இளஞ்சோளத்தில் செய்வது, பால் மணம் மாறாதது. சியாப்பாஸிலும் தபாஸ்கோவிலும் சிப்பிலின் என்ற கீரையை மாவிலேயே பிசைந்துவிடுவார்கள். கிழக்கே ஹுவாஸ்தேக்காவின் ‘சகவில்’ ஒரு மீட்டருக்கு மேல் நீளமானது. பெரிய பன்றிக்கறித் துண்டுகளோடு வாழை இலைகளில் பொதிந்து, மண் அடுப்பில் இரவெல்லாம் வெந்து, ஒரே தமால் ஊருக்கே காணும்.

திருநாளும் ஊருக்கு ஊர் வேறு. வெராகுரூஸ் மாநிலத்தின் த்லகோதால்பனில் கந்தெலாரியா அன்னையின் சுரூபம் பப்பலோவாபன் ஆற்றில் படகேறி வரும். சோன் ஹரோச்சோ இசைக்காரர்கள் மரமேடைகளைச் சுற்றி விடியவிடியப் பாடுவார்கள். ஹலிஸ்கோவின் சான் ஹுவான் தே லோஸ் லாகோஸ் பேராலயத்துக்குப் பெருந்திரள் பல நாள் நடந்தே வந்து சேரும். மெக்சிகோ நகரத்தின் தென்கோடியில் சோச்சிமில்கோ மக்கள் ‘நீன்யோபா’ என்று செல்லமாக அழைக்கும் நானூறு ஆண்டுக்கும் மேல் பழைய பாலன் சுரூபம், அன்று ஒரு குடும்பத்திடமிருந்து இன்னொரு குடும்பத்தின் பொறுப்புக்கு மாறும். ஏற்கும் குடும்பம் ஓராண்டு முழுவதும் தினமும் வருகிறவர்களுக்கு உணவு போட வேண்டும். அந்தச் சுமையைக் கேட்டுப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார்கள்.

பரிமாறுதலும் மறுநாளும்

தமாலுடன் குடிப்பது அத்தோலே. சாக்லேட் கரைத்தால் அதுவே ‘சம்புர்ராதோ’. இரண்டும் சோளம்தான், தின்பதும் சோளம், குடிப்பதும் சோளம். விருந்தினர் உறையைத் தாமே பிரிக்க வேண்டும். பிரித்த உறைகள் மேசை நடுவில் குவியும். தமாலாகப் பிறந்தவனுக்கு இலை வானத்திலிருந்து விழும் என்று ஒரு பழமொழி அங்கே உண்டு. அலுவலகங்களில் பொம்மை கிடைத்தவர்கள் பணம் சேர்த்துத் தெருவோரத் தமாலேராவிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். அவளுக்கு ஆண்டின் மிகப் பெரிய வியாபாரம் அன்றுதான். விடிகாலையிலேயே பானை காலியாகிவிடும். தலைநகரத்துத் தொழிலாளிகள் தமாலைப் ‘பொலியோ’ ரொட்டியைப் பிளந்து அதற்குள் வைத்துக் ‘குவாஹோலோத்தா’ என்று நின்றபடியே சாப்பிட்டு வேலைக்கு ஓடுவார்கள். கொயோவகானில் உள்ள மக்கள் பண்பாட்டு அருங்காட்சியகத்தில் இந்த நாளையொட்டித் தமால் சந்தை கூடும். பல மாநிலங்களின் சமையல்காரிகள் தங்கள் ஊர் இலையோடும் மாவோடும் வந்து கடை போடுவார்கள். மெக்சிகோவின் மரபுச் சமையல் 2010இல் யுனெஸ்கோவின் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

பிப்ரவரி 3 காலையில் குடில் கலைகிறது. ஆடுகளும் ராஜாக்களும் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் போவார்கள். புதுச் சட்டை போட்ட பாலன் மட்டும் நாற்காலியோடு அலமாரி மேல் ஏறுவான். மிஞ்சிய தமாலை உறை பிரிக்காமல் அப்படியே ‘கொமால்’ என்ற தோசைக்கல் போன்ற தட்டையான சட்டியில் போட்டுத் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். உறை கருகி, உள்ளே மாவு மொறுமொறுவென்று பொரிந்து வரும். முந்திய நாள் தமாலைவிட இதுவே ருசி என்று சொல்லி, அதற்காகவே நாலு தமால் கூடக் கட்டுகிற வீடுகள் நிறைய.